ஒரு ஸ்டீயரிங் எத்தனை சுற்று

அன்றைக்குப் பட்டறையில் ஐந்து பேர் இருந்தோம்.

முதலாளி. சீனர். ஆபீஸ் கதவில் சாய்ந்து நின்றார். கையில் கோப்பி. குடிக்கவில்லை.

காரைச் சோதிக்க இன்சூரன்ஸிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர். மலாய்க்காரர். முப்பது வயதுதான் இருக்கும். கையில் டேப்லெட்.

காரின் சொந்தக்காரர். தமிழர். எழுபத்தொரு வயது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்.

அவருடைய மகள். நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

நான். மெக்கானிக்.

பஸ் ஓட்டினவரின் மனைவி இல்லை. இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. பட்டறையில் காரைத் தூக்குகிற லிஃப்டில் அன்றைக்கு ஏற்றி வைத்திருந்த அந்தக் கார்தான் அவரை இடித்தது. ஓட்டியது புருஷன்.

இன்ஸ்பெக்டர் எழுதப்போகும் பேப்பரில் ஒரு வரிதான் முக்கியம். காரில் கோளாறு உண்டா, இல்லையா. இல்லை என்றால் தப்பு முழுவதும் ஓட்டியவர்மேல். அந்தப் பேப்பர் போலீசுக்கும் போகும். பஸ் ஓட்டினவர் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். "என் கைதான் சார். வயசாயிடுச்சு" என்று வந்ததும் சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை.

அவர் கையில் தப்பில்லை என்று அந்த இடத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒன்று நான். இன்னொன்று முதலாளி. நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

நான் இங்கேயே பிறந்தவன். படிப்பு ஏறவில்லை. பதினேழு வயதில் காருக்கு அடியில் படுத்தேன். ஆங் மோ கியோவில் இந்த முதலாளியிடம் மட்டும் பத்தொன்பது வருஷம். எங்களுக்குள் பேச்சு உடைந்த இங்கிலீஷும் மலாயும். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பஸ் ஓட்டினவரைப் பட்டறையில் பஸ் அண்ணன் என்போம். அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவார்கள். அண்ணி முன்சீட்டில் உட்கார மாட்டார். பின்சீட்டில் இடது பக்கம். இறங்க வேண்டிய இடம் வந்தால் முன்சீட்டின் முதுகில் ஒரு விரலால் அழுத்தி "டிங்" என்பார்.

ஒரு தடவை நான் கேட்டேன். "முன்னாடி உக்காரலாமே அண்ணி?"

"ஊர்ல உள்ளவங்களை எல்லாம் முப்பது வருஷம் ஏத்திட்டுப் போனாரு. நான் கையைக் காட்டினா மட்டும் நிறுத்த மாட்டாரு. இப்பத்தான் நம்ம பஸ்."

"நீ எங்க ஸ்டாப்புல நின்னே? சிக்னலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுக் கையை ஆட்டுவே" என்றார் அண்ணன்.

"பொண்டாட்டி நிக்கிற இடம்தான் ஸ்டாப்பு."

அண்ணிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். சென்டர் ஜாலான் புசார் பக்கம். கார் அதற்காகத்தான். வேறு எங்கும் போக மாட்டார்கள். சில நாள் முடித்துவிட்டுத் தேக்காவில் இறங்கிக் கீரை வாங்குவார்கள். அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை கார் வந்தது. கார் நிறுத்துகிற லாட்டில் எண்ணெய் சொட்டுகிறது என்றார் அண்ணன். ஏற்றிப் பார்த்தேன். ஸ்டீயரிங் ராக்கில் சீல் போய்விட்டது. ராக் மாற்ற வேண்டும். புதுசு வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம்.

"ஆறு வாரம் அவளை டாக்ஸில ஏத்தி இறக்க முடியாது தம்பி. டயாலிசிஸ் முடிச்சா தலை சுத்தும். நடுவுல நிறுத்தச் சொல்லுவா. நிறுத்தற இடத்துலயா சொல்லுவா?"

"பழசு போட்டுடலாமாண்ணே?"

"நீ என்ன சொல்றியோ அது."

முதலாளியும் சரி என்றார். நான் வேனை எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் போனேன். ஒரு சந்தில் பழைய ஸ்பேர் கடை. ஜப்பானில் கழித்த காரை நடுவில் வெட்டி முன்பாதியை மட்டும் கப்பலில் கொண்டுவருவார்கள். ஹாஃப்கட் என்போம். அதிலிருந்து வேண்டியதைக் கழற்றித் தருவார்கள். கடைக்காரர் கிழவர். சுருட்டு மாதிரி உருட்டிய பேப்பரால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மேல் மாடலா, கீழ் மாடலா?" என்றார்.

"ராக் எல்லாம் ஒண்ணுதான்லா" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கினார். எடுத்துக் கொடுத்தார்.

நான் சொன்ன அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் ராக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அதன் தண்டுக்கு அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம் சுற்றும். அந்தச் சக்கரம் கடிக்கிற மாதிரி குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. கம்பியிலும் பல், ரம்பம் மாதிரி. சக்கரம் சுற்றினால் கம்பி இடமோ வலமோ நகரும். கம்பியின் இரண்டு நுனியும் முன் டயர்களைப் பிடித்திருக்கும். கம்பி நகர்ந்தால் டயர் திரும்பும். அந்தக் கம்பிதான் ராக்.

சாதா ராக்கில் பல்லெல்லாம் ஒரே இடைவெளி. ஸ்டீயரிங் ஒரு சுற்றுக்கு எந்த இடத்திலும் ஒரே அளவுதான் நகரும். அந்தக் காரின் மேல் மாடலில் போட்டது வேறு. அதில் நடுப்பல் நெருக்கம். ஓரம் போகப் போக அகலம். நடுவில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கம்பி கொஞ்சம்தான் நகரும். ஓரத்தில் அதே அளவு திருப்பினால் நிறைய நகரும்.

கம்பெனிக்காரன் ஏன் அப்படிச் செய்கிறான்? எக்ஸ்பிரஸ்வேயில் வேகமாகப் போகிறபோது ஸ்டீயரிங் நடுவிலேயேதான் நிற்கும். அங்கே தும்மினால் கார் அடுத்த லேனுக்குத் தாவக் கூடாது. கார்பார்க்கில் ஊர்ந்து போகிறபோது முழுக்க ஒடிக்க வேண்டும். அங்கே கையைப் போட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒரே கம்பியில் இரண்டு வேலை. இப்போது வருகிற சில கார்களில் மோட்டாரும் கம்ப்யூட்டரும் வேகத்தைப் பார்த்து இதையே செய்கின்றன. இந்தக் கார் பழசு. பல்லை வெட்டிய விதத்திலேயே வேலையை முடித்துவிட்டான்.

அண்ணனுடையது மேல் மாடல். கீழ் மாடலில் சாதா ராக். நான் வாங்கி வந்தது அது.

இப்படி ஒரு ராக் உண்டு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று. போல்ட் ஓட்டை ஒன்று. எண்ணெய்க் குழாய் வாய் ஒன்று. நீளம் சாண் போட்டுப் பார்த்தேன், ஒன்று. பல் மட்டும் இரும்புக் குழாய்க்குள் இருக்கும். மேலே ரப்பர் உறை. அதைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றவில்லை.

ராக் மாட்டியதும் நடு பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முட்டும்வரை ஒடித்து, அங்கிருந்து மறுபக்கம் முட்டும்வரை சுற்றை எண்ண வேண்டும். எண்ணியதில் பாதி திரும்பி வந்தால் அதுதான் நடு. அந்த இடத்தில் ஸ்டீயரிங் நேராக நிற்கிற மாதிரி பூட்டிவிடுவோம். இதை ஆயிரம் தடவை செய்திருப்பேன். எண்ணுவது பாதிக்காக மட்டும்தான். பாதி கிடைத்ததும் அந்த எண் மறந்துபோகும்.

பழைய ராக்கைக் கழற்றுமுன் அதையும் எண்ணியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அப்படி எந்தப் பட்டறையிலும் எண்ண மாட்டார்கள். குப்பைக்குப் போகிற சாமான். அதை எதற்கு எண்ண.

ஓட்டிப் பார்த்தேன். தொழிற்பேட்டை ரோடு எல்லாம் நேர் ரோடு. கையை விட்டாலும் நேராகப் போனது. திரும்பி வந்து நிறுத்தினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுக் காரில் ஏறி இறங்குகிறவன். என் கைக்கு எந்தக் காரும் சொந்தமில்லை.

அண்ணன் சாயங்காலம் வந்து எடுத்துப் போனார். பின்சீட்டில் அண்ணி. பட்டறை வாசலில் நான் கையைக் காட்டினேன். "ஃபுல்லு, இடமில்ல" என்று அண்ணி கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

புதன்கிழமை அண்ணன் போன் செய்தார். நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"தம்பி, திருப்பும்போது கை கூடப் போவுது."

"எங்கண்ணே?"

"கார்பார்க்ல. எக்ஸ்பிரஸ்வேல ஒண்ணும் இல்ல. ஜம்முனு போவுது. லாட்லேருந்து வெளிய எடுக்கும்போது ஒரு கை மிச்சம் சுத்த வேண்டியிருக்கு."

"டைட்டா இருக்கா?"

"டைட் இல்லப்பா. கூட."

"வேற ராக்ண்ணே. பழகிடும்."

"பழகுமா?"

"பழகிடும்ணே."

"சரிப்பா. நீ சொன்னா சரி."

நேர் ரோட்டில் ஒன்றுமில்லை, முழுக்க ஒடித்தால் கூடப் போகிறது. இதைவிடத் தெளிவாக எந்த மெக்கானிக்கும் எழுதித் தர முடியாது. அவர் சொல்லிவிட்டார். நான் நட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை நடந்தது. எப்படி நடந்தது என்று பிற்பாடு அண்ணன் வாயிலிருந்தே கேட்டேன்.

அவர்கள் வீடும் ஆங் மோ கியோதான். அடுக்குமாடி பிளாக்குக்குப் பக்கத்தில் பல மாடிக் கார்பார்க். அவர்களுடைய லாட் மூன்றாவது மாடியில் தூணை ஒட்டி இருக்கும். தூண் பக்கம் பின்கதவு திறக்காது. அதனால் அண்ணி எதிர்ப்பக்கம் போய்ச் சுவரோரம் நிற்பார். அண்ணன் காரை வெளியே எடுத்து இடது பக்கம் ஒடிப்பார். ஒரே ஒடி. காரின் மூக்கு அண்ணிக்கு ஒரு கை தூரத்தில் கடந்துபோகும். போகிறபோது அண்ணி போனட்டில் ஒரு தட்டு தட்டுவார். பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. கார் நிற்கும். ஏறிக்கொள்வார். இரண்டு வருஷமாக வாரம் மூன்று நாள் இதே மாதிரி.

அண்ணன் அப்போது மனைவியைப் பார்க்க மாட்டார். இடது பக்கம் பார்ப்பார். கீழேயிருந்து கார் ஏறி வருகிறதா என்று. கை தானாக ஒடிக்கும்.

ராக் மாற்றிய பிறகு செவ்வாயும் வியாழனும் நினைத்து நினைத்து ஒடித்தார். ஒரு கை கூட. சரியாகத்தான் வந்தது. சனிக்கிழமை கீழேயிருந்து ஒரு கார் வேகமாக ஏறி வந்தது. அதைப் பார்த்தார். கை பழைய அளவுக்கு ஒடித்தது. பழைய அளவுக்கு இந்த ராக் போதாது. கார் அகலமாகப் போனது. வலது மூக்கு அண்ணியைச் சுவரோடு வைத்து அழுத்தியது.

பிரேக் மிதித்தார். ஒரு அடி பிந்திவிட்டது.

"போனட்ல தட்டினா தம்பி" என்றார். "ரெண்டு கையாலயும் தட்டினா. எப்பவும் தட்டுவாளே, அதான்னு நினைச்சேன்."

தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. நல்ல உடம்பாக இருந்தால் படுத்து எழுந்திருப்பார். கிட்னி இல்லாத உடம்பு. ஆபரேஷன் செய்தார்கள். காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

உடலை அவர்கள் பிளாக்குக்குக் கீழேயே வைத்திருந்தார்கள். வேலை முடிந்து போனேன். எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டுதான் போனேன், நகத்தில் கொஞ்சம் இருந்தது. மின்விசிறி நான்கு சுற்றிக்கொண்டிருந்தது. பழைய பஸ் டிரைவர்கள் ஒரு மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில். நான் போய்க் கும்பிட்டேன்.  அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பழகிடும்னு சொன்னே தம்பி. எனக்குப் பழகலப்பா."

குத்திச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்.

மறுநாள் எரிக்க மண்டாய்க்குக் கொண்டுபோனபோது நான் போகவில்லை. காலையில் பட்டறையைத் திறந்ததும் பின்பக்கம் இரும்புக் குப்பை இருக்கிற இடத்துக்குப் போனேன். பழைய சாமான் எடுக்கிற காராங்குனி லாரி மாதம் ஒரு தடவைதான் வரும். அவர் காரில் கழற்றிய ராக் அடியில் கிடந்தது. எடுத்து வைஸில் வைத்து இறுக்கினேன். ரப்பர் உறையைக் கத்தியால் கிழித்தேன். கம்பியை முழுக்க ஒரு பக்கம் தள்ளி கிரீஸைத் துடைத்தேன்.

நடுவில் நெருக்கம். ஓரத்தில் அகலம். விரலை வைத்தாலே தெரிந்தது.

ஸ்பேனரைப் போட்டு முட்டிலிருந்து முட்டுவரை சுற்றினேன். இரண்டே முக்கால்.

ஒரு டயர்மேல் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். பிறகு எழுந்து முதலாளி வரட்டும் என்று இருந்தேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. என் அப்பா இறந்தபோது பட்டறையை மூடிவிட்டு வந்து இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவர். அவரிடம் ராக்கைக் காட்டினேன். சொன்னேன். அவர் பல்லைத் தடவிப் பார்த்தார்.

"நீ போட்டது உடைஞ்சுதா?"

"இல்ல பாஸ்."

"கழண்டுதா?"

"இல்ல."

"லீக்?"

"இல்ல."

"அப்ப என்ன கோளாறு? வேற அளவு சட்டை போட்ட மாதிரி. அவ்வளவுதான்லா."

"அந்த அம்மா செத்துட்டாங்க பாஸ்."

அவர் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். "கேட்டா சொல்லு. கேக்காம வாயைத் திறக்காதே. இங்க ஏழு பேர் சாப்பிடறோம்" என்றார். ராக்கைப் பழைய இடத்தில் போடச் சொன்னார். நான் போடவில்லை. சாக்கில் சுற்றி என் டூல் டிராலியின் அடித்தட்டில் வைத்தேன்.

மூன்று வாரம் அது அங்கே இருந்தது. தினமும் டிராலியைத் தள்ளுகிறபோது கடகடவென்று உருளும். யாரும் என்ன சத்தம் என்று கேட்கவில்லை.

போலீஸ் பார்த்து முடித்துக் காரை விட்டார்கள். பிறகுதான் இன்சூரன்ஸ் ஆள் வந்தது. கடைசியாகக் கையை வைத்த பட்டறையிலேயே பார்க்கிறேன் என்றார். மற்ற ஆட்களை முதலாளி அன்றைக்கு லீவில் அனுப்பியிருந்தார். அப்படித்தான் ஐந்து பேரும் ஒரே இடத்தில்.

இன்ஸ்பெக்டர் நல்ல வேலைக்காரர். பிரேக் பார்த்தார். டயர் பார்த்தார். முன் டயரை இரண்டு கையால் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. அடியில் போய் டார்ச் அடித்தார். சொட்டு இல்லை.

"ராக் மாத்தினீங்களா?"

"மாத்தினோம்" என்றார் முதலாளி. "நல்ல ராக். நீயே ஆட்டிப் பார்த்தியே."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். டேப்லெட்டில் விரலால் எழுத ஆரம்பித்தார். அவர் கேட்டது அவ்வளவுதான். மாற்றியது உண்மை. ஆட்டம் இல்லாததும் உண்மை.

அப்போது மகள் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். "அண்ணே, ஸ்டீயரிங் ஒரு மாதிரி இருக்குன்னு அப்பா உங்களுக்கு போன் பண்ணினாரா?"

முதலாளிக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் பேசினார். "அவரை எதுக்கும்மா இழுக்கறே. அவரு சரியாத்தான் போட்டாரு. கை எனக்குத்தான் சொன்ன பேச்சு கேக்கல."

"நீங்க சும்மா இருங்கப்பா. நான் அவரைக் கேட்டேன்."

"முப்பத்திரண்டு வருஷம் ஒரு கீறல் இல்ல" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. கையை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். "வீட்டு ஆளுக்குன்னு வெச்சிருந்திருக்கேன்."

மகள் அவர் தோளில் கை வைத்தாள்.

கேட்டால் சொல் என்று முதலாளி சொல்லியிருந்தார். கேட்டாகிவிட்டது. "பண்ணினாரு" என்றேன் மகளிடம். பிறகு டிராலிக்குப் போய்ச் சாக்கை எடுத்தேன். ராக்கை இன்ஸ்பெக்டரின் காலடியில் வைத்தேன்.

"இது இந்தக் காரோடது. உள்ளே இருக்கறது வேற. நான்தான் வாங்கினேன். நான்தான் மாட்டினேன். சுற்று எண்ணிப் பாருங்க."

முதலாளி கோப்பியைக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போலீசில் என்னைக் கூப்பிட்டு நான்கு தடவை வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். கோர்ட்டுக்குப் போனேன். ஒத்துக்கொண்டேன். அண்ணன்மேல் கேஸ் போடவில்லை. பட்டறை வேலை போனது. முதலாளி போகச் சொல்லவில்லை. காலையில் போனால் என்னிடம் வேலை எதுவும் தர மாட்டார். ஒரு வாரம் துடைத்த சாமானையே துடைத்துவிட்டு நானே வேலையிலிருந்து நின்றுகொண்டேன். இப்போது சாங்கி ஏர்போர்ட்டில் கார்கோவில் இருக்கிறேன். பெட்டி இழுக்கிற டிராக்டர் ஓட்டுகிறேன். எல்லா டிராக்டரும் ஒரே மாதிரி. இருந்தாலும் ஏறியதும் ஒரு தடவை முட்டிலிருந்து முட்டுவரை சுற்றிப் பார்ப்பேன். கூட வேலை செய்கிறவன் "என்ன மச்சான், எண்ணிட்டியா" என்று கிண்டல் செய்வான். எண்ணிட்டேன் என்பேன்.

அண்ணனை ஒரு தடவை பார்த்தேன். தேக்காவிலிருந்து வருகிற பஸ்ஸில். காரை விற்றுவிட்டார். பஸ்ஸில் இடமெல்லாம் காலி. அவர் கடைசி சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் கீரை. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆங் மோ கியோ வந்ததும் விரலால் மணியை அழுத்திவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்குப் பட்டறையில் இன்ஸ்பெக்டர் ராக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்லை போட்டோ எடுத்தார். டேப்லெட்டில் மாடலைத் தேடினார். "கம்பெனி கணக்குப்படி இதுக்கு முட்டிலிருந்து முட்டுவரை இரண்டே முக்கால்" என்றார். "எண்ணு."

லிஃப்டை இடுப்பளவுக்கு இறக்கினேன். டயர் தரையில் படவில்லை. ஸ்டீயரிங்கின் உச்சியில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டினேன், சுற்று தெரிவதற்கு. இறக்கிய கதவுக் கண்ணாடி வழியாகக் கையை விட்டு இடது பக்கம் முட்டும்வரை ஒடித்தேன்.

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு கையும் வெளியே இருந்தது. ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.

சுற்றினேன்.

"ஒண்ணு" என்றார் அண்ணன். இன்ஸ்பெக்டரும் இங்கிலீஷில் ஒன்று என்றார்.

"ரெண்டு."

அரை வந்தது. முக்கால் வந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, முட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஸ்டீயரிங்கில் கை வைத்தவன் நான் ஒருவன்தான். முதலாளி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மூச்சு என் காதில் பட்டது.

கையை மாற்றிப் பிடித்துச் சுற்றினேன். போனது.

"மூணு" என்றார் அண்ணன். 

இன்னும் போனது. கால். அதற்கும் மேலே. உள்ளே இரும்பு இரும்பில் முட்டியது. கையை எடுத்தேன்.

மூன்றரை.